விற்பனைக்கு இல்லாத எந்தின்

ஒரே ஒரு படம் வரைந்து கொடுங்கள் என்று யாராவது கேட்டால் ஜுஹானாவுக்குக் கை ஓடாது. பத்து கேட்டால் ஓடும். இருபது கேட்டால் இன்னும் நன்றாக ஓடும்.

அவர் மட்டும் அப்படியில்லை. பாண்டுங் நகருக்குப் பக்கத்துக் கிராமமான சிமெலானில் ஓவியர் வீடு எல்லாவற்றிலும் அதுதான் முறை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ்களை மூங்கில் சுவரில் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். காலையில் நீலத்தைக் குழைத்தால் பத்து வானம். நீலம் காய்வதற்குள் வெள்ளை. பத்து வானத்துக்கும் மேகம். பிறகு பத்து மலை, பத்து மூங்கில் தோப்பு, பத்து வயல். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆட்கள் வயலில் இறங்குவார்கள். படத்துக்கு ஏழு பேர், மொத்தம் எழுபது பேர் அறுவடைக்கு. பிரஷ்ஷில் ஏறிய வண்ணத்தை ஒரே கேன்வாஸோடு கழுவி விடுவது சோற்றைக் கொட்டுவதற்குச் சமம். ஜுஹானா நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துகொண்டே முப்பத்திரண்டு வருஷம் வரைந்தார். அறுவடை, ஒன்பது மீன், எட்டுக் குதிரை. ஒன்பது மீன் கடைக்கு ராசி. எட்டுக் குதிரை அலுவலகத்துக்கு ராசி. வரைகிறவனுக்கு எது ராசி என்று யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வியாபாரி ஹாஜி திர்ஜா வேனில் வருவார். காய்ந்த படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பாய் மாதிரிச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போவார். பாண்டுங் கடைத்தெருவிலும் பாலியிலும் அவை தொங்கின. மூலையில் என்ன பெயர் எழுதுவது என்பது ஹாஜியின் விருப்பம். ஒரு வாரம் எழுதிய பெயர் மறுவாரம் இருக்காது. ஜுஹானா தன் சொந்தப் பெயரை எழுதிய இடங்கள் இரண்டுதான்: கல்யாணப் பதிவேடு, மகளின் பள்ளிக்கூட அட்டை.

அவர் வீட்டுச் சுவரிலும் அவருடைய படம் கிடையாது. தன் படத்தைத் தன் வீட்டில் மாட்டியிருப்பவன் விலை போகாத ஓவியன். ஊரில் அப்படித்தான் கணக்கு. அதனால் நோன்புப் பெருநாளுக்கு ஆளுக்கு ஒரு படம் மாற்றிக்கொள்வார்கள். மற்றவர்கள் கையில் கிடைத்ததை வாங்கி மாட்டினார்கள். ஜுஹானா தேடி எடுப்பார். ஒருவன் தப்பாக வரைந்து, அந்தத் தப்பைத் திரும்பச் செய்யவே முடியாது என்று தோன்றினால் அந்தப் படம் அவருக்கு வேண்டும். ஏழே குதிரை ஓடுகிற எட்டுக் குதிரைப் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அடுத்த வீட்டுக் கர்னா வரைந்த ஒன்றரைக் கண் புலி ஒன்று. பதிலுக்கு அவர் கொடுத்த ஒன்பது மீனைக் கர்னா கழிப்பறைக் கதவுக்கு எதிரே மாட்டியிருந்தார்.

"மீனுக்குத் தண்ணி பக்கத்துல இருக்கணும்ல, காங்," என்பார் கர்னா. அந்தப் பக்கம் மூத்தவனையும் புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து, வஜ்ஜிரப் பசையும் சுண்ணப்பொடியும் கலந்து பூசித் தருவது மனைவி எந்தினின் வேலை. பூசி முடித்துக் கையைக் கழுவாமலே முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்காருவாள். அரிசியில் கல் பொறுக்கியபடி, ஜுஹானாவின் வாயில் தொங்கும் கிராம்புச் சிகரெட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள். சாம்பல் நீளும். நீளும். ஈர வானத்தில் விழும்.

"காங்! சாம்பல்! இன்னொரு மேகம் போட்டாச்சா?"

அவருடைய மேகங்களில் பாதி அப்படி வந்தவை. பாலியில் யாரோ அவற்றுக்குப் பணம் கொடுத்தார்கள்.

எந்தின் சிறுநீரகம் கெட்டு, நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். நாற்பதாம் நாள் ஓதல் முடிந்த பிறகு ஜுஹானா அவள் போட்டோவைத் தேடினார். இரண்டு இருந்தன. அடையாள அட்டையில் அவள் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தாள். கல்யாணப் போட்டோவில் கிரீடமும் பூச்சும் போட்டு, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாதபடி இருந்தாள். முப்பதாயிரம் படம் வரைந்தவன் வீட்டில் பெண்டாட்டிக்கு முகம் இல்லை.

வரைய உட்கார்ந்தார். ஒரு கேன்வாஸை மாட்டினார். அவ்வளவு பெரிய சுவரில் அது ஒற்றைப் பல் மாதிரி இருந்தது. ரவிக்கைக்குப் பச்சையைக் குழைத்தார். கை எழவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. பச்சை தட்டிலேயே தோல் கட்டியது. மூன்றாம் நாள் பக்கத்தில் இன்னும் ஐந்து மாட்டினார். கை ஓடியது.

ஆறு பச்சை ரவிக்கை. ஆறு முறம். ஆறு முகம், ஒரு பக்கம் சாய்ந்து, சாம்பலைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போகிற நேரம். முடித்துவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தபோது ஆறு பேரும் அவரைத் திட்டத் தயாராக இருந்தார்கள். அன்றைக்குத்தான் அவர் அழுதார்.

சீக்கிரம் காய்ந்த ஒன்றை முன்னறையில் மாட்டினார். மற்ற ஐந்தும் கட்டிலுக்கு அடியில் போயின. விற்கிற யோசனையே அப்போது இல்லை.

கர்னா வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "காங், உங்க படத்தை நீங்களே மாட்டியிருக்கீங்க."

"இது விக்கறதுக்கு இல்லை."

"இந்த ஊர்ல இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. விலை போகலைன்னு சொன்னா நாங்க நம்ப மாட்டோமா என்ன?"

மகள் இமாஸ் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பாண்டுங்கிலிருந்து வருவாள். எந்திர உறுப்புகள் செய்கிற தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவள். மயிரிழையைப் பத்தாகப் பிளந்து, அதில் எந்த இழை தடிமன் என்று சொல்லுகிற வேலை. பேச்சும் அதே அளவில்தான். படத்தின் முன்னால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இடது காது கீழ இருக்கு," என்றாள்.

பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

அடுத்த வாரமே ஹாஜி திர்ஜா ஒரு அம்மாளைக் கூட்டி வந்தார். இபு மெலானி (இபு என்றால் அம்மா), மலைமேல் லெம்பாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். ஒன்பது மீன் வாங்க வந்தவர், மீனைப் பார்க்கவே இல்லை.

"இது எவ்வளவு?"

"விக்கறதில்லைங்க."

"யாரு இவங்க?"

"என் சம்சாரம். போயிட்டா."

அந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். விலை சொன்னார். ஜுஹானா மறுத்தார். இரண்டு மடங்காக்கினார். மறுத்தார். மூன்றாவது தடவை சொன்ன தொகைக்கு வீட்டு ஓடு முழுவதையும் மாற்றலாம். பின்னால் நின்ற ஹாஜி திர்ஜா கண்ணாலும் புருவத்தாலும் தாடியாலும் ஜாடை காட்டினார். ஜுஹானா கட்டிலை நினைத்துக்கொண்டார். ஐந்து இருக்கின்றன. ஒன்று போனால் என்ன?

கார் பள்ளிவாசலைத் தாண்டுவதற்குள் இரண்டாவது எந்தின் ஆணியில் ஏறிவிட்டாள்.

மாட்டும்போது மகள் சொன்னது ஞாபகம் வந்தது. இடது காது கீழேதான் இருந்தது. தட்டைக் கத்தியால் சுரண்டி, மேலே தூக்கி வைத்தார். காது ஏறியதும் கன்னம் கோணலாகத் தெரிந்தது. கன்னத்தைச் சரிசெய்தார். கழுத்தை நிமிர்த்த வேண்டியதாயிற்று. முகம் நேரானதும் திறக்கப் போன வாய் அர்த்தமில்லாமல் நின்றது. உதட்டை லேசாக மூடினார். இப்போது எல்லாம் பொருந்தியது. கட்டிலுக்கு அடியில் இருந்த நாலையும் அதே மாதிரித் திருத்தினார். அடுத்த மாதம் இமாஸ் வந்து பார்த்துவிட்டு, "ம்," என்றாள். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜுஹானாவுக்குத் திருப்தி.

ஹாஜி திர்ஜா மறுபடி வந்தபோது ஆணியைப் பார்த்தார், ஜுஹானாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முப்பது வருஷ வியாபாரி. வெளியே வந்து பீங்கான் கோப்பையில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"ஜுஹானா, மீனையும் குதிரையையும் விக்கறேன் விக்கறேன்னு நாம கத்தறோம், ஒருத்தனும் திரும்பிப் பாக்கறதில்லை. இதை விக்கமாட்டேன்கறே, அடிச்சுக்கிட்டு வாங்கறான். நான் ஒண்ணு சொல்றேன் கேளு. விக்கமாட்டேன்னு மூணு தடவை சொல்லு. நாலாவது தடவை சொல்லாதே."

அப்படித்தான் விற்பனைக்கு இல்லாத எந்தின் விற்பனைக்கு வந்தாள். ஆறில் கடைசி ஒன்று ஆணியில் இருக்கும்போதே அதைப் பார்த்து இன்னொரு ஆறு. அது தீரும்போது கடைசியைப் பார்த்து அடுத்த ஆறு. வாங்கியவர்கள் உதட்டோரம் சிரிப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள்; சிரிப்பு வந்தது. பச்சை ரவிக்கை மங்கலாக இருக்கிறது என்றார்கள்; பளிச்சென்று ஆனது. எந்தினுக்குப் பத்து வயது குறைந்தது. 'என் சம்சாரம், போயிட்டா' என்று சொல்லும்போது முதல் தடவை ஜுஹானாவுக்குத் தொண்டை அடைத்தது. பத்தாவது தடவையும் அடைத்தது. ஆனால் சரியான இடத்தில் அடைத்தது. சொன்னது ஒவ்வொரு தடவையும் நிஜம். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டார்.

ஒருவர் போன ஆயிரமாவது நாளும் அங்கே ஓதுவார்கள். எந்தினுக்கு அந்த ஓதல் வர ஒரு வாரம் இருக்கும்போது இமாஸ் போன் செய்தாள்.

"அபா, பாத்தாம் தீவுக்கு மாத்தல் ஆயிருச்சு. ஓதல் முடிஞ்ச மறுநாள் கிளம்பறேன்."

"அவ்வளவு தூரமா, நெங்?"

"ம். எமாவோட படத்தை எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துக்கோ. உனக்கு இல்லாததா?"

"நீங்க முதல்முதலா வரைஞ்சீங்களே, அது. வேற எதுவும் வேணாம்."

போனை வைத்துவிட்டு ஜுஹானா ஆணியில் இருந்த எந்தினைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கர்னாவுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. "சுவத்துல இருக்கறதைக் கழட்டிக் கொடுங்க. இதுதான் முதல்லதுன்னு சொல்லுங்க. படத்துக்கு என்ன பொறந்த தேதியா ஒட்டியிருக்கு?"

"அவ அளக்கறவ, கர்னா."

"படத்தையா அளப்பா?"

"அதுக்கு இல்லைடா. மத்தவங்ககிட்ட சொன்னேன், சரி. வந்தான், வாங்கினான், போனான். இவ அதை வீட்டுல மாட்டி, தினமும் எமான்னு கூப்பிடுவா." எழுந்துகொண்டே சொன்னார்: "முதல்லதைத் திருப்பி வாங்கணும்."

கர்னாவின் மோட்டார் சைக்கிளில் இருவரும் லெம்பாங் போனார்கள். ஜுஹானா சட்டைப் பைக்குள் பணக்கட்டை வைத்துப் பொத்தானுக்கு மேல் ஊக்கும் குத்தியிருந்தார். சாப்பாட்டுக் கடை அவர் நினைத்ததைவிடப் பெரியது. வறுத்த மீன் வாசனை. பணம் வாங்கும் மேஜைக்கு மேலே, தனி விளக்கின் கீழே எந்தின். அடியில் சின்னப் பலகை ஒன்று: 'ஓவியர் கண்ணீரோடு தந்தது.' அன்றைக்கு அழுதது யார் என்பது ஜுஹானாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

இபு மெலானி அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வாழை இலையில் சோறு வந்தது, கருவாடு வந்தது, அரைத்த மிளகாய் வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு ஜுஹானா விஷயத்தைச் சொன்னார்.

"இபு, படத்தைத் திரும்ப வாங்கிக்கலாம்னு வந்தேன். எம் பொண்ணு கேக்கறா. நீங்க கொடுத்ததுக்கு மேலயே தர்றேன்."

"ஐயோ, பாக் ஜுஹானா. அது விக்கறதில்லைங்க."

"ஒண்ணு," என்று கர்னா காதோடு சொன்னார்.

"ரெண்டு மடங்கு தர்றேன், இபு."

"பணத்துக்கு இல்லைங்க பாக். விக்கறதில்லை."

"ரெண்டு."

ஜுஹானா ஊக்கைக் கழற்றிக் கட்டை அப்படியே மேஜைமேல் வைத்தார்.

"எடுத்து உள்ள வைங்க, பாக். யாராவது பாக்கப் போறாங்க. சொன்னேனே, விக்கறதில்லை."

"மூணு," என்றார் கர்னா, நிமிர்ந்து உட்கார்ந்தபடி. "இப்பக் கேளுங்க, காங்."

ஜுஹானா நாலாவது தடவை கேட்டார்.

இபு மெலானி விளக்கின் கீழே இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். "வர்றவங்க எல்லாரும் உங்கம்மாவான்னு கேப்பாங்க. மொத மாசம் இல்லை இல்லைன்னு சொன்னேன். அப்புறம் சொல்லி அலுத்துப் போய், ஆமான்னேன். எங்கம்மாவும் இப்படித்தாங்க, எப்பப் பாத்தாலும் ஏதாவது திட்ட வாயைத் திறந்துக்கிட்டே இருப்பாங்க. இப்ப எங்கம்மா போட்டோவை எடுத்துப் பாத்தா, அதுதான் வேற யாரோ மாதிரி இருக்கு. இதை எப்படிங்க கொடுப்பேன்?"

கர்னா மேஜைமேல் இருந்த கட்டை எடுத்து ஜுஹானாவின் பையில் தானே திணித்தார்.

"பாத்துக்கிட்டாவது போறேன்," என்றார் ஜுஹானா.

நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்த்தார். முதலில் ஒரு ஓவியனாகத்தான் பார்த்தார்: பச்சை கொஞ்சம் கனம், முறத்தின் விளிம்பு சரியில்லை. பிறகு காதுக்கு வந்தார். காது கீழேதான் இருந்தது. ஏனென்றால் தலை சாய்ந்திருந்தது. ஏனென்றால் அவள் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தின்மேல் குனிந்தபடியே சாம்பலையும் பார்க்க வேண்டுமென்றால் தலை சாயத்தான் வேண்டும். காது சரியாகவே இருந்திருக்கிறது. அவர்தான் அதைத் திருத்தியிருக்கிறார்.

"காங்," என்றார் கர்னா மெதுவாக. எந்தினை அக்கா முறையில் 'தெத்தே' என்று கூப்பிடுகிறவர், அவரும் பார்த்துவிட்டார். "இது தெத்தே எந்தின். அப்ப உங்க வீட்டுல சிரிச்சுக்கிட்டு இருக்கறது யாரு?"

ஜுஹானாவுக்கு அது தெரியவில்லை. இரண்டரை வருஷமாக அந்தப் பெண்ணோடு ஒரே அறையில் சாப்பிட்டிருக்கிறார். அவளைக் காட்டி 'என் சம்சாரம்' என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கர்னாவின் முதுகுக்குப் பின்னால் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஒரு கேன்வாஸை மாட்டினார். முயன்று பார்த்தார். வெயில் ஏறியது, கை எழவில்லை. வெட்கத்தோடு இன்னும் ஐந்து மாட்டினார். பார்த்து வரைய எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆணியில் இருந்தவளைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்திருந்தார். இந்தத் தடவை காதிலிருந்து தொடங்கினார். ஆறு காது, எல்லாம் கீழே. காது கீழே நின்றதும் தலை தானாகச் சாய்ந்தது. தலை சாய்ந்ததும் கழுத்து நரம்பு வந்தது. கண் ஓரத்துக்குப் போயிற்று. பக்கவாட்டில் நடந்து நடந்து, வாய்க்கு வந்தபோது அவர் வாயிலிருந்த சிகரெட்டில் சாம்பல் நீண்டிருந்தது. நாலாவது படத்தின் முறத்தில் விழுந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

மூன்று நாள் ஆயிற்று. ஓதலுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஹாஜி திர்ஜா வந்து, ஆறு ஈரப் படங்களையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"என்னய்யா இது, ஆறு பேரும் சண்டைக்கு நிக்கறாங்க? சிரிப்புக்குத்தான்யா ஆள் வர்றான். இது ஓடாது."

"ஓடாதா?"

"ஒண்ணுகூட ஓடாது."

"நல்லது, பா ஹாஜி," என்றார் ஜுஹானா. ஹாஜிக்கு அது புரியவில்லை. நெஞ்சில் கை வைத்து சலாம் சொல்லிவிட்டுக் கர்னாவின் புலிகளைப் பார்க்கப் போனார்.

இமாஸ் மறுநாள் காலை வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்று மாலை அஸர் முடிந்து வந்தபோது அவள் ஏற்கனவே அறைக்குள் நின்றிருந்தாள், தோளில் பையோடு. எதிரே ஆறு பேர்.

ஜுஹானா வாசலிலேயே நின்றுவிட்டார். சொல்ல வேண்டியதை மூன்று நாளாக ஒத்திகை பார்த்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"நெங், முதல்லதுன்னு ஒண்ணு இல்லை. அன்னிக்கும் ஆறுதான் வரைஞ்சேன். ஒண்ணே ஒண்ணு வரைய வரலை. அப்புறம் வித்துட்டேன். அது லெம்பாங்ல இருக்கு. கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க. வித்துக்கிட்டே இருந்தேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா? கர்னாவா?"

"யாரும் சொல்லலை. ரெண்டாவது மாசம் வந்தேன். காது மேல ஏறியிருந்துச்சு. ஆணியில தொங்கற படத்துல காது தானா ஏறுமா, அபா? அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு ரவிக்கை, மாசத்துக்கு ஒரு சிரிப்பு."

அவளுக்காகத்தான் ஜுஹானா அந்தக் காதைத் தூக்கினார். அது தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று இரண்டரை வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு மாசமும் பாத்தேன்." அவள் பையை இறக்கி வைத்தாள். "மொத மாசம் காது கீழன்னு சொன்னது நான்தான். சொல்லாம இருந்திருந்தா எமா அப்படியே இருந்திருப்பா. எங்க வேலையில ஒரு கருவியைத் திருத்தறதுக்கு முன்னாடி, அளந்தவன் சரியா அளந்தானான்னு பாக்கணும். அன்னிக்கு நான் பாக்கலை."

அவள் சமையலறைக்குப் போய், நாளைக்கு எத்தனை பேருக்குச் சோறு என்று கேட்டாள். குழாய் ஓடவில்லை.

ஓதலுக்கு வந்த பெரியவர்கள் முகம் தெரிகிற படங்களுக்கு முன்னால் உட்காரத் தயங்கினார்கள். ஆறும் ஈரம், துணி போட்டு மூட முடியாது, சுவர்ப் பக்கம் திருப்பவும் முடியாது. கடைசியில் எந்தினுக்கான ஆயிரமாவது நாள் ஓதல் கர்னாவின் வீட்டில் நடந்தது. புலிகளைத் திருப்பி வைத்தார்கள். ஒன்பது மீனுக்கு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஜுஹானா கேட்டார்: "எதை எடுத்துக்கறே?"

இமாஸ் ஒவ்வொரு படத்துக்கும் நேராக நின்று, நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள்.

"மூணாவது."

"அஞ்சாவதுல கை நல்லா வந்திருக்கு. கழுத்தைப் பாரு."

"இருக்கட்டும். மூணாவதுலதான் எமா என்னைத் திட்டறா. மத்த அஞ்சுலயும் உங்களைத்தான்."

ஜுஹானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உண்மைதான். நடந்துகொண்டே வரைந்ததில் ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு பக்கம் போயிருந்தது. மூன்றாவதில் அது அவரைத் தாண்டி, வாசல் பக்கம், பள்ளிக்கூடம் விட்டு யாரோ தாமதமாக வருகிற இடத்தைப் பார்த்தது.

"இன்னிக்கே போகணுமா? காயலையே."

"பகல் ரெண்டு மணிக்கு விமானம்."

"ஈரப் படத்தைத் தனியாக் கொண்டுபோக முடியாது, நெங். எதுவாவது உரசிடும். அதே அளவுல இன்னொண்ணை முகத்துக்கு முகம் வச்சு, நாலு மூலையிலும் கட்டை கொடுத்துத்தான் கட்டணும். எங்க தொழில்ல அப்படித்தான்."

"வெறும் கேன்வாஸ் ஒண்ணு வச்சுக் கட்டுங்க."

ஜுஹானா அறையைச் சுற்றிப் பார்த்தார். எந்தின் போன பிறகு முன்கூட்டிப் பூசி வைக்க ஆள் இல்லை; வேண்டியதை வேண்டியபோது அவரே பூசிக்கொள்வார். வெறும் கேன்வாஸ் ஒன்றுகூட இல்லை.

இமாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "சரி, அந்த நாலாவதைக் கொடுங்க. சாம்பல் விழுந்தது."

"அது கெட்டுப்போனதாச்சே."

"அதான் கேக்கறேன்."

அவர் சட்டங்களை இறக்கினார். நாலு மூலையிலும் விரல் தடிமனுக்கு மரத்துண்டு வைத்து, ஒன்றின் முகத்தை மற்றொன்றுக்கு எதிராக வைத்துக் கயிற்றால் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு அழுக்குக் கேன்வாஸ் முதுகு, அவ்வளவுதான். சட்டத்தை இறக்கும்போது, அவள் பார்க்காமல், இந்தத் தடவை மூலையில் தன் பெயரையே எழுதியிருந்தார் என்பதை இமாஸ் பாத்தாம் போய்ப் பிரித்தால்தான் பார்ப்பாள்.

சிற்றுந்து வந்தது. ஓட்டுநர் கட்டைக் கூரைமேல் போடச் சொன்னான். இமாஸ் முடியாது என்றாள். மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கோழிக்காரம்மாள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துகொண்டாள்.

"படுக்க வைக்காதே," என்றார் ஜுஹானா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "போய்ச் சேந்ததும் பிரிச்சிடு. ஒரு வாரம் காத்தாட வை."

"சரி, அபா."

"வெயில்ல வைக்காதே."

"சரி. கையை எடுங்க, வண்டி கிளம்புது."

அவர் கையை எடுத்தார். வண்டி பள்ளிவாசல் திருப்பத்தில் மறைந்தது. கட்டுக்குள் இரண்டு எந்தின்களும் முகத்துக்கு முகம் பார்த்தபடி, நடுவில் ஒரு விரல் இடைவெளியோடு, வாயைத் திறக்கிற நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே திட்டு வாங்க வேறு ஆள் இல்லை. பாத்தாம் வரைக்கும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.